ஆகாய நிலையத்தில் பிளாட்பாரம் பிடிக்கும் பாடு!

ஊரிலிருந்து மும்பைக்கு வண்டி ஏறி வந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோ மீட்டரை வண்டி எப்படியோ ஓடிக் கடந்துவிடும். கடைசி இரண்டு கிலோ மீட்டர் இருக்கிறதே, அதுதான் சோதனை. பெட்டி, படுக்கை, முறுக்கு டின் எல்லாவற்றையும் கதவோரம் அடுக்கிவைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்போம். வண்டி அவுட்டரில் நிற்கும். என்னவென்று கேட்டால், பிளாட்பாரம் காலி இல்லை!

இந்த அவதி ஆகாயத்திலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நிஜ ஆகாயத்திலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இளைஞர்கள் விளையாடுகிறார்களே, அந்தப் பொய் ஆகாயத்திலும் இருக்கிறது.

முதலில் பொய் ஆகாயத்தைப் பார்ப்போம்.

சரக்குக் கப்பல்

"எலைட் டேஞ்சரஸ்" என்று ஒரு விளையாட்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கம்பெனி ஒன்று தயாரித்து, 2014 டிசம்பரில் வெளியிட்டது. நமது நட்சத்திர மண்டலம் முழுவதையும், 40 ஆயிரம் கோடி நட்சத்திரக் குடும்பங்களோடு, கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆடுபவருக்கு ஒரு சிறு விண்கப்பல் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் பிழைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் சரக்கு மலிவாக வாங்கி, இன்னோர் இடத்தில் லாபத்துக்கு விற்கலாம். சுரங்கம் வெட்டலாம். கொள்ளைக்காரனாகவும் மாறலாம். இன்டர்நெட் தொடர்பு இல்லாமல் ஆட முடியாது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது.

இதன் மூலக் கதை பழையது. 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் "எலைட்" என்ற விளையாட்டை எழுதினார்கள். அன்றைய கம்ப்யூட்டரின் நினைவுத்திறன் இன்று நம் செல்போனில் உள்ள ஒரு சிறு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. அதற்குள் 8 நட்சத்திர மண்டலங்களையும், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்களையும் அடைத்தார்கள். அந்த விளையாட்டிலும் ஆட்களை அழவைத்தது, சுழலும் நிலையத்துக்குள் கப்பலை நுழைக்கும் வேலைதான்.

ஆம், நிலையம் சுழலும்! காரணம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த வாளியைக் கையால் வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கொட்டாது. வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அதுபோல நிலையத்தைச் சுழற்றினால், உள்ளே இருப்பவர்கள் மிதக்காமல் சுவரோடு ஒட்டி நடக்கலாம் என்பது கணக்கு. பெரிய நிலையத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. தபால் பெட்டியின் வாய் போல நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஆட்டக்காரர்களும் அதைத் தபால் பெட்டி என்றே அழைக்கிறார்கள். அந்த வாய், நிலையம் சுழலும்போது கூடவே சுழன்றுகொண்டிருக்கும்.

ஹோம் சிக்னல்

ஆண்டாப்ஹில் பக்கம் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர். விமானச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் கிளார்க். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடுகிறது. தவணையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, இரவு ஷிப்டு இல்லாத நாட்களில் இந்த விளையாட்டை ஆடுகிறார்.

"நிலையம் வரைக்கும் போறது ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. உள்ள நுழையறதுலதான் சீவன் போகுது" என்றார்.

அவர் ஆடிக்காட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, ரெயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு வியப்பு தாங்கவில்லை. நம்முடைய யார்டை அப்படியே தூக்கி ஆகாயத்தில் வைத்திருக்கிறார்கள்!

நிலையத்துக்கு 7½ கிலோ மீட்டருக்குள் வந்த பிறகுதான் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்டால், தூரம் அதிகம் என்று மறுத்துவிடுவார்கள். அனுமதி கிடைத்தால் ஒரு மேடை எண் கொடுப்பார்கள். பெரிய நிலையத்துக்குள் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட மேடைகள் உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. உங்கள் கப்பலுக்கு ஏற்ற மேடை காலி இல்லையென்றால் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். அவுட்டர்!

எல்லா நிலையத்திலும் எல்லா அளவும் கிடையாது. வெளி ஓரங்களில் இருக்கும் சிறு நிலையங்களில் பெரிய மேடையே இல்லை. லாபம் சேர்த்துப் பெரிய சரக்குக் கப்பல் வாங்கியவர், ஆசையோடு அந்தச் சிறு நிலையத்துக்கு நெடுந்தூரம் ஓட்டிப்போய், இடமில்லை என்ற பதிலோடு திரும்புவது அன்றாடம் நடக்கிறது. கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொண்டால் இந்த வீண் அலைச்சல் இல்லை. 24 பெட்டி வண்டியை 12 பெட்டி பிளாட்பாரத்துக்கு எழுதி அனுப்புவாரா எந்தக் கண்ட்ரோலரும்?

அனுமதி கிடைத்த பிறகு வாசலுக்கு நேர் எதிரே வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து நுழையப் பார்த்தால் சுவரில்தான் மோதுவீர்கள். உள்ளே போகும்போது பச்சை விளக்கு வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். எதிரே வெளியேறும் கப்பலும் அதே வாசலில்தான் வருகிறது. ஒற்றைத் தண்டவாளப் பாதை போலத்தான். வேகம் வினாடிக்கு 100 மீட்டருக்குள் இருப்பது உத்தமம். அதற்கு மேல் வேகத்தில் போய் யார் மீதாவது இடித்தால் அது குற்றம், அபராதம் உண்டு. வாசலை அடைத்துக்கொண்டு சும்மா நின்றாலோ, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரும். கேட்காவிட்டால் நிலையத்தின் பீரங்கிகள் சுட்டுவிடும். மும்பையில் ரெயில் கதவை மறித்து நிற்பவர்களுக்கு இந்தச் சட்டத்தை யாரும் பரிந்துரைக்காமல் இருக்க வேண்டும்!

வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. உங்கள் மேடை தலைக்கு மேலே இருக்கலாம், பக்கச் சுவரில் இருக்கலாம். சுழலும் வீட்டில் மேல் ஏது, கீழ் ஏது? எண்ணைத் தேடிப் பிடித்து, கப்பலின் காலை இறக்கி, மூக்கைச் சரியான திசைக்குத் திருப்பி, மெல்லத் தரை தட்ட வேண்டும். காலை இறக்க மறந்தவர் மேடை மேல் எத்தனை நேரம் தவம் கிடந்தாலும் கப்பல் ஒட்டாது. புதியவர்களில் பாதிப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள் என்கிறார் தென்காசி இளைஞர்.

பதினைந்து ராத்திரி

அவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பதினைந்து இரவுகள் ஓட்டிச் சேர்த்த லாபம் முழுவதையும் சரக்காக மாற்றி ஏற்றிக்கொண்டு ஒரு நிலையத்துக்கு வந்தார். வாசலில் பாதி நுழையும்போது, எதிரே ஒரு பெரிய கப்பல். ஒதுங்கப் போய் வாசலின் விளிம்பில் மாட்டிக்கொண்டார். அடுத்து வந்த கப்பல் பின்னால் இடித்தது. சற்று நேரத்தில் கப்பல் வெடித்துவிட்டது.

விளையாட்டில் இன்ஷூரன்ஸ் உண்டு. கப்பல் விலையில் நூற்றுக்கு 5 கட்டினால் அதே கப்பல் திரும்பக் கிடைக்கும். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. அது போனது போனதுதான்.

"நெசக் காசு ஒண்ணும் போகல அண்ணாச்சி. ஆனா பதினஞ்சு ராத்திரித் தூக்கம் போச்சே. அத யாரு குடுப்பா?"

அறைத் தோழர் ஒருவர் அந்த நேரம் பார்த்து செல்போனில் சினிமா போட்டதால்தான் இன்டர்நெட் திணறியது என்று இவர் சொல்கிறார். அவர் மறுக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. நான் விசாரித்த அளவில் இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தொடர்பு மெலிந்தால், ஆட்டத்தில் இருக்கும் மற்ற ஆட்களின் கப்பல்கள் திரையில் தத்தித் தத்தி நகரும்; அது எங்கே இருக்கிறது என்று கணிக்க முடியாது. அடியோடு அறுந்தால் ஆட்டமே நின்று முதல் பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் வாசல் விளிம்பு அப்படித் தத்தித் தத்தி நகர்வதில்லை. அதில் இடித்தது கைவேலைதான்.

புதியவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தனியாக ஆடும் முறை. அதற்கும் இன்டர்நெட் வேண்டும், ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் குறுக்கே வரமாட்டார்கள். இரண்டாவது, கப்பலைத் தானே உள்ளே கொண்டுசேர்க்கும் கம்ப்யூட்டர் சாதனம். அதைப் பொருத்திவிட்டால் அனுமதி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். பின்னணியில் ஸ்டிராஸ் என்ற மேல்நாட்டு இசை மேதையின் "நீல டான்யூப்" ஒலிக்கும். 1968-ல் வந்த "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" என்ற ஆங்கிலப் படத்தில், சுழலும் நிலையத்தை விண்கப்பல் நெருங்கும் காட்சிக்கு இதே இசைதான். சரக்கு வைக்கும் இடத்தில் கொஞ்சத்தை இந்தச் சாதனம் பிடித்துக்கொள்ளும். அதனால் கஞ்சர்கள் பொருத்துவதில்லை!

நிஜ ஆகாயம்

இனி நிஜத்துக்கு வருவோம். இங்கே கப்பல் உடைந்தால் நூற்றுக்கு 5 கட்டித் திரும்ப வாங்க முடியாது.

விளையாட்டில் பிரேக் போட்டால் கப்பல் நிற்கும். நிஜத்தில் பூமியைச் சுற்றும் விண்கலம் நிற்காது. வேடிக்கை என்னவென்றால், முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், பிடிக்க முடியாமல் பின்தங்கிவிடுவோம்!

1965 ஜூனில் "ஜெமினி 4" கலத்தில் சென்ற அமெரிக்க வீரர் மெக்டிவிட் இதை நேரில் அனுபவித்தார். தம்மை ஏற்றிவந்த ராக்கெட்டின் காலிப் பகுதி அருகில் மிதந்தது. அதன் பக்கத்தில் போகலாம் என்று அதை நோக்கி இன்ஜினை முடுக்கினார். அது விலகிப் போயிற்று. மறுபடி முடுக்கினார். மறுபடியும் விலகியது. எரிபொருள் வீணானதுதான் மிச்சம்.

காரணம் இதுதான். வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறி, பெரிய வட்டத்துக்குப் போய்விடும். பெரிய வட்டத்தைச் சுற்றிவர நேரம் அதிகம் ஆகும். வேகத்தைக் குறைத்தாலோ கீழே இறங்கி, சின்ன வட்டத்தில் சீக்கிரம் சுற்றி வந்துவிடும். ஆகவே முன்னால் போகும் வண்டியைப் பிடிக்க, பிரேக் போட வேண்டும்! பிறகு மேலே ஏறி, சரியான இடத்தில் சந்திக்க வேண்டும். பிற்பாடு சந்திரனில் இறங்கிய ஆல்டிரின், 1963-ல் இந்தக் கணக்கைத்தான் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார்.

1966 மார்ச் 16-ந்தேதி ஆர்ம்ஸ்டிராங்கும் ஸ்காட்டும் "ஜெமினி 8"-ல் சென்று, உலகிலேயே முதன்முதலாக இரண்டு கலங்களை விண்ணில் இணைத்தார்கள். மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட முழுதாக நீடிக்கவில்லை. கலத்தைத் திருப்பும் சிறு இன்ஜின் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததால், இரண்டும் சேர்ந்து சுழல ஆரம்பித்தன. கோளாறு மற்றக் கலத்தில் என்று எண்ணி இணைப்பைக் கழற்றினார்கள். பாரம் குறைந்ததும் சுழற்சி இன்னும் வேகமாயிற்று. வினாடிக்கு ஒரு சுற்று! கண் மங்கி மயங்கும் நிலை. பூமிக்குத் திரும்புவதற்கென்று வைத்திருந்த வேறு இன்ஜின்களை இயக்கி ஆர்ம்ஸ்டிராங் சமாளித்தார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள்.

கட்டை விரல் கணக்கு

இதைவிடப் பயங்கரம், 1997 ஜூன் 25-ந்தேதி ரஷியாவின் "மிர்" நிலையத்தில் நடந்தது.

நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: ரஷியர்கள் சிப்லியேவ், லசுட்கின், அமெரிக்கர் மைக்கேல் போல். "புரோகிரஸ்" என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் சுமார் 7 டன் எடை. அதைத் தானியங்கிக் கருவி இல்லாமல், நிலையத்தில் இருந்தபடியே டெலிவிஷன் திரையைப் பார்த்துக் கைப்பிடியால் ஓட்டி இணைக்கும் சோதனை. சிப்லியேவ் ஓட்டினார். தூரத்தையும் வேகத்தையும் காட்டும் ரேடார் அணைக்கப்பட்டிருந்தது. திரையில் நிலையம் சிறு புள்ளி. அதற்குப் பின்னால் பூமியின் மேகக் கூட்டம். எது நிலையம், எது மேகம் என்று பிரிப்பதே கடினம். மற்ற இருவரும் ஜன்னல் ஜன்னலாக ஓடி, கலம் எங்கே வருகிறது என்று தேடினார்கள்.

கண்ணில் பட்டபோது காலம் கடந்துவிட்டது. "ஸ்பெக்டர்" என்ற பகுதியில் சரக்குக் கலம் மோதியது. சுவரில் துளை விழுந்து காற்று வெளியேறியது. காது அடைத்தது. ஸ்பெக்டரின் கதவை மூடலாம் என்றால், அதன் வழியாக ஒரு கட்டு கேபிள்கள் ஓடுகின்றன. லசுட்கின் அவற்றைக் கழற்றினார். கழற்ற முடியாதவற்றைக் கத்தியால் அறுத்தார். பிறகு ஒரு மூடியை வைத்து அடைத்தார்கள். மூன்று உயிர்கள் பிழைத்தன. போலின் படுக்கையும் சொந்தச் சாமான்களும் அந்த அறைக்குள்ளேயே போய்விட்டன.

அதோடு முடியவில்லை. நிலையம் தாறுமாறாகச் சுழன்றது. சூரியத் தகடுகளுக்கு வெயில் கிடைக்காமல் மின்சாரம் நின்றது. போல், ஜன்னல் கண்ணாடியில் கட்டை விரலை வைத்து, நட்சத்திரங்கள் அதைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து, நிலையம் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று கணக்கிட்டார்! அதை வைத்து, நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தின் இன்ஜினை இயக்கிச் சுழற்சியை அடக்கினார்கள்.

அதே கைவேலை உயிர் கொடுத்த கதையும் உண்டு. 1985 ஜூனில் சல்யுட் 7 நிலையம் மின்சாரம் இல்லாமல், பதிலே சொல்லாமல், செத்த பிணமாக மிதந்தது. ஜானிபெகோவ், சவினிக் என்ற இரண்டு பேர் சோயுஸ் கலத்தில் போய், கையால் தூரம் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு அதோடு இணைத்தார்கள். உள்ளே தண்ணீர் எல்லாம் ஐஸ் கட்டி. கம்பளி உடையோடு வேலை செய்து அதற்கு உயிர் கொடுத்தார்கள்.

இரண்டு வண்டிகளை மாட்டுவது எங்கேயும் லேசான காரியம் அல்ல. நமது யார்டுகளில் ஷண்டிங் வேலை செய்யும் பாயிண்ட்ஸ்மேன்களைக் கேட்டுப் பாருங்கள். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து நின்று கப்ளிங்கை மாட்டவும் கழற்றவும் வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் பீகார் மாநிலம் பரவுனி நிலையத்தில் அந்த இடைவெளியில் சிக்கி ஒரு ரெயில்வே ஊழியர் உயிர் இழந்தார். ஆகாயத்தில் கருவி மாட்டுகிறது. தரையில் இன்னும் பல இடங்களில் மனிதன்தான் நடுவே போக வேண்டியிருக்கிறது.

எறும்பு வேகம்

நம் நாட்டு விஞ்ஞானிகளும் இந்த வித்தையைக் கற்றுவிட்டார்கள். 2024 டிசம்பர் 30-ந்தேதி இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் இரண்டு சிறு கலங்களை ஏற்றிச்சென்றது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. "ஸ்பேடெக்ஸ்" என்று திட்டத்துக்குப் பெயர். ஒன்று துரத்தும் கலம், மற்றது துரத்தப்படும் கலம்.

இந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் உள்ள "விகாஸ்" ரக இன்ஜின், நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கப்படுவது. அந்தப் பக்கத்து வாசகர்கள் இங்கே நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஜனவரி 7, பிறகு 9 என்று தேதி குறித்தார்கள். 8-ந்தேதி இரவு கலங்களை 500 மீட்டரிலிருந்து 225 மீட்டருக்கு நெருக்கும்போது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வது தெரிந்தது. அவசரப்படவில்லை. தள்ளிவைத்தார்கள். 12-ந்தேதி 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை போய், தொடாமலே பின்வாங்கினார்கள். டெலிவிஷன் பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். 16-ந்தேதி காலை இணைத்தே விட்டார்கள்! அமெரிக்கா, ரஷியா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு இந்தியா. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி.நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றதும் அதே வாரத்தில்தான்.

இரண்டு கலங்களும் மணிக்குச் சுமார் 27 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஆனால் ஒன்றை ஒன்று நெருங்கும் கடைசி வேகம் வினாடிக்கு ஒரு சென்டி மீட்டர். நம் வீட்டுச் சுவரில் எறும்பு போகும் வேகம்தான்!

மார்ச் 13-ந்தேதி இரண்டையும் கழற்றினார்கள். ஏப்ரல் 20-ந்தேதி மறுபடியும் இணைத்தார்கள். சந்திரனிலிருந்து மண் எடுத்துவரும் சந்திரயான் 4 திட்டத்துக்கும், 2035-ல் அமைக்க எண்ணியிருக்கும் நமது சொந்த விண்வெளி நிலையத்துக்கும் இது இல்லாமல் முடியாது.

நீங்களும் ஓட்டலாம்

காசு செலவில்லாமல் இதை ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி, தன் "டிராகன்" கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைக்கும் பயிற்சி விளையாட்டு ஒன்றை 2020 மே மாதம் இன்டர்நெட்டில் இலவசமாக வெளியிட்டது. நிஜக் கலத்தில் இந்த வேலையை வழக்கமாகக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. இதில் நாமே ஓட்ட வேண்டும். திரையில் தெரியும் பச்சை எண்கள் எல்லாம் 0.2-க்குக் கீழே வந்தால் இணைந்துவிடும். செல்போனிலும் ஆடலாம். ஆனால் சின்னத் திரையில் விரல் மறைக்கிறது.

தென்காசி இளைஞர் நான்காவது முயற்சியில் சேர்த்தார். சினிமா பார்த்த அறைத் தோழர், ஓட்டலில் சமையல் வேலை செய்பவர், இரண்டாவது முயற்சியிலேயே சேர்த்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.